ஆன்டெனா கேபிளில் சோக்: கோத்தகிரி மேட்டில் அளந்து பார்த்தது

கோத்தகிரிப் பக்கம் ஆன்டெனா கட்டுகிறவனுக்கு உயரம் இலவசமாகக் கிடைத்துவிடும். காசெல்லாம் கேபிளில்தான் போகும். அந்தக் கேபிளின் வெளிப்பக்கம் ஓடும் வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்கும் சுருள்தான் சோக்; அது உண்மையில் தடுக்கிறதா என்று அளந்த கதை இது. எங்கள் வீடு சரிவின் பாதியில் இருக்கிறது. 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுக்கான டைபோல், அதாவது இரண்டு கைகளாக நீளும் கம்பி ஆன்டெனா, மேலே மேட்டில், தேயிலைக்கு நிழலாக வளர்த்த இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தொங்குகிறது. அங்கிருந்து கிளம்பும் கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றி ஷீல்டு என்ற உலோக வலை உள்ள கேபிள்) தேயிலைச் செடிகளின் அடியில் ஊர்ந்து, பக்கத்துக் கேரட் தோட்டத்துச் சோலார் வேலியை ஒட்டி, இரண்டு வீட்டுக் கூரை விளிம்புகளைத் தொட்டுக்கொண்டு ரேடியோ அறைக்கு வருகிறது. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி கட்டியவர்கள் சரிவைத் தேடிப் பிடித்தவர்கள். ஊட்டியின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவே, அதாவது சுமார் 11 டிகிரி, சாய்ந்த குன்றாகப் பார்த்து 530 மீட்டர் நீள ஆன்டெனாவை அதன்மேல் படுக்க வைத்தார்கள். அதன் அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. 1970-இலிருந்து அது ஓடுகிறது. நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வீடு எங்கே வாய்த்ததோ அங்கிருந்துதான் கேபிள்.

இவ்வளவு தூரம் போகும் கேபிள் சும்மா கிடக்காது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் தோலிலேயே ஓடுவதால், கோஆக்ஸ் ஷீல்டின் உள்பக்கம் ஒரு பாதை, வெளிப்பக்கம் இன்னொரு பாதை. உள்பக்கம் ஓடுவது நடுக்கம்பியில் ஓடுவதற்குச் சமமாகவும் எதிராகவும் இருக்கும். நமக்கு வேண்டிய சிக்னல் அதுதான். வெளித்தோலில் ஓடுவதற்கு ஜோடி கிடையாது. அதைத்தான் காமன் மோடு என்கிறோம். நாம் பேசும்போது அது அறைக்குள் இறங்கி வந்து மைக்கைத் தொட்ட உதட்டைச் சுடும், கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் உறுமும். கேட்கும்போது அதைவிடத் தொல்லை. வழியில் உள்ள எல்இடி பல்பு, இன்வர்ட்டர், வேலி என்று அத்தனை சத்தத்தையும் பொறுக்கிக்கொண்டு மேலே போய், டைபோலின் ஒரு கை ஷீல்டோடு சேரும் இடத்தில் கேபிளுக்குள் நுழைந்து, சிக்னலோடு சிக்னலாகத் திரும்பி வரும்.

என் விஷயத்தில் முக்கியமான எதிரி வேலி. காட்டெருமைக்காகப் போட்டது. நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் துடிப்பு அனுப்பும். கம்பியைப் புல் தொட்டாலோ இன்சுலேட்டர் விரிந்தாலோ அந்த இடத்தில் பொறி பறக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் ‘டக், டக்’ என்று, சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரின் முள் குதிக்கும். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

“புல்லை நீயே வெட்டிக்கோ தம்பி, நான் வேண்டாங்கல. ஆனா வேலியை மட்டும் நிறுத்தச் சொல்லாத. காட்டெருமை வந்தா உன் ரேடியோவா வந்து வெரட்டும்?”

நியாயம்தானே. புல்லை வெட்டியதில் பாதிச் சத்தம் போனது. மீதிக்குத்தான் சோக்.

சோக் சுற்றுவது பெரிய வித்தை இல்லை. ஒரு ஃபெரைட் (காந்தப் பண்புள்ள பீங்கான் வகை) வளையத்தில் கோஆக்ஸையே பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால் ஆயிற்று. உள்ளே எதிரும் புதிருமாக ஓடுபவை ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால் ஃபெரைட்டுக்கு அவை இருப்பதே தெரியாது. வெளித்தோலில் ஓடுவதற்கு மட்டும் பெரிய தடை. சுற்றியது உண்மையிலேயே தடுக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. அங்கேதான் நம்மைப் போன்ற ஹாம்களில் (ரேடியோவைப் பொழுதுபோக்காக இயக்குபவர்கள்) பலர் அனலைசர் என்ற அளவுக் கருவியை எடுத்து, சோக்கைக் கேபிளோடு கோத்து, எஸ்டபிள்யுஆர் (பொருத்தத்தைக் காட்டும் எண்; 1 என்றால் கச்சிதம்) 1.2 வருவதைப் பார்த்துவிட்டு ‘சோக் ஓகே’ என்று பெட்டியை மூடிவிடுகிறார்கள். அந்த 1.2 சோக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. உள்ளே போகும் பாதை 50 ஓமுக்கு அருகில் இருக்கிறது என்றுதான் சொல்கிறது. வளையமே இல்லாத வெறும் கேபிளும் அதையேதான் காட்டும்.

வெளித்தோலை அளக்க வேண்டும் என்று தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒரே ஒரு போர்ட் (இணைப்பு வாய்) உள்ள அனலைசரில் சோக்கின் இரு முனைகளையும் மாட்டி ஓம் கணக்கைப் படிப்பது. அந்தக் கருவிகள் 50 ஓமைச் சுற்றி நன்றாக அளக்கும். 5000 ஓமை மாட்டினால் அதற்குத் தெரியும் ரிட்டர்ன் லாஸ் (அனுப்பியது திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்தது என்பது) 0.17 டெசிபெல், 10,000 ஓமை மாட்டினால் 0.09. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கனெக்டரைக் கொஞ்சம் இறுக்கினால் மாறுகிற அளவு. திரையில் 6200 என்று துல்லியமாக எண் வரும்தான். அதை நம்பக் கூடாது.

இரண்டு போர்ட் உள்ள நானோவிஎன்ஏ மாதிரிக் கருவி கையில் இருந்தால் கதையே வேறு. முதல் போர்ட்டின் நடுமுனையிலிருந்து சோக்கின் ஷீல்டு வழியாக இரண்டாவது போர்ட்டின் நடுமுனைக்குச் சிக்னலை அனுப்பி, எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது. எஸ்21 என்பது அதுதான். கணக்கும் எளிது: 100-ஐ, 100-உம் சோக்கின் ஓமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் எவ்வளவு கடந்தது என்று வரும். 1000 ஓமுக்கு -20.8 டெசிபெல், 2000-க்கு -26.4, 5000-க்கு -34.2, 10,000-க்கு -40. முந்தைய முறையில் ஒன்றுக்குள் ஒன்றாகப் போன 5000-உம் 10,000-உம் இங்கே ஆறு டெசிபெல் தள்ளி நிற்கின்றன. இந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி அனலைசர் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் நானோவிஎன்ஏ சேவர் மென்பொருள் இருந்தால் அதுவே ஓமாக மாற்றிக் காட்டும். ஆனால் மேட்டில் நிற்கும்போது சீட்டுதான் சௌகரியம்.

குன்னூரில் இருக்கும் ஒரு மூத்த ஹாமும் நானும் ஒரே மாதிரி வளையத்தில், ஒரே மாதிரிக் கேபிளில், ஒரே எண்ணிக்கையில் சுற்றினோம். 7 மெகாஹெர்ட்ஸில் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. 28 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் இருவருடைய கோடுகளும் வேறு வேறு ஊர்க்காரர்கள் போல. “ஓஎம், உங்க வளையம் டூப்ளிகேட்டா இருக்கும்” என்றார் (ஓஎம் என்பது ஹாம்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் முறை). சோக்குகளைக் கைமாற்றி அளந்தோம். வித்தியாசம் சோக்கோடு போகவில்லை, அவர் மேஜையிலேயே தங்கிவிட்டது. அவர் இரண்டு நீள ஒயர்களில் குரோகடைல் கிளிப் போட்டு, இரும்பு மேஜைமேல் சோக்கைப் படுக்க வைத்து அளந்துகொண்டிருந்தார்.

அளக்கும் ஏற்பாட்டைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. 1 பிகோஃபாரட் என்பது ஒன்றுமே இல்லாத அளவு. இரண்டு ஒயர்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தாலே வந்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸில் அது 22,700 ஓம், போகட்டும் என்று விடலாம். 28-இல் அதுவே 5700 ஓம். நீங்கள் அளக்க வந்த சோக்கும் அதே அளவுதான். சோக்குக்குப் பக்கத்தில் இன்னொரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, பூட்டு சரியில்லை என்று சொல்வதற்குச் சமம்.

நான் வைத்திருப்பது இப்படி. ஒரு தடித்த செம்புப் பட்டை. அதன் இரு முனையிலும் எஸ்எம்ஏ சாக்கெட்டின் உடல் சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. நடுமுனைகளிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாத ஒயர், நுனியில் சின்னக் கிளிப். சோக்கை ஒரு தெர்மாகோல் கட்டைமேல் தூக்கி வைப்பேன். மேஜை, பட்டை, கை எதுவும் தொடக் கூடாது. கோஆக்ஸின் இரு முனையிலும் நடுக்கம்பியையும் ஷீல்டையும் சேர்த்து முறுக்கி, அந்த முறுக்கில் கிளிப். சார்ஜரிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் கழற்றி, பேட்டரியில் மட்டும் ஓட்டுவேன். யுஎஸ்பி ஒயரும் சேர்ந்து அளவுக்குள் வந்துவிட வாய்ப்பிருக்கிறது.

கேலிபிரேஷனை (கருவியைச் சரிப்படுத்திக்கொள்வதை) கிளிப் நுனிவரை செய்ய வேண்டும். இரண்டு கிளிப்பையும் ஒன்றோடொன்று கவ்வ வைத்துத்தான் ‘த்ரூ’ (நடுவில் எதுவும் இல்லாத நேரிணைப்பு) படி. அப்புறம் சோக்கை மாட்டாமலே இரண்டு சோதனை. முதலில் கிளிப்புகளை, சோக் இருந்தால் எவ்வளவு தூரத்தில் இருக்குமோ அவ்வளவு தூரத்தில் திறந்து விட்டுப் பார்ப்பேன். 30 மெகாஹெர்ட்ஸ் வரை -55-க்குக் கீழே கிடந்தால் சரி. -40 என்று காட்டினால் அந்த ஏற்பாட்டில் 5000 ஓமை நம்பிக்கையாக அளக்க முடியாது. அடுத்தது, கடையில் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். முதலாவது -20.8, இரண்டாவது -33.6. பேண்டு முழுவதும் நேர்கோடாக வர வேண்டும். மேலே போகப் போக வளைந்தால் வளைவது உங்கள் ஏற்பாடு. குன்னூர்க்காரரின் மேஜையில் 4.7 கிலோ ஓமே 28-இல் சோக் மாதிரி வளைந்தது. அதற்குப் பிறகு வளையத்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை.

இன்னொன்று, டிசம்பர் காலையில் அறைக்குள் கேலிபிரேஷன் செய்துவிட்டுப் பனிக்குள் கொண்டுபோனால் கோடு நகரும். வெளியில் கொஞ்ச நேரம் வைத்து அங்கேயே மறுபடி செய்துகொள்வது உத்தமம்.

இனி சோக்குகள். எஃப்டி240-31, அதாவது 2.4 அங்குல வளையம், 31-ஆம் நம்பர் ஃபெரைட். அதில் ஆர்ஜி-58 (மெல்லிய கோஆக்ஸ் ரகம்) பன்னிரண்டு சுற்று. 7 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி -34-ஐ ஒட்டி வந்தது. கிட்டத்தட்ட 5000 ஓம். 28-இல் -26, அதாவது 2000 ஓமுக்குக் கொஞ்சம் கீழே. கோடு அகலமான பள்ளத்தாக்கு மாதிரி, எந்த இடத்திலும் செங்குத்து இல்லை. பார்க்க அழகில்லாத கோடு. ஆனால் இதுதான் வேண்டும்.

அழகான கோடு வேண்டுமென்றால் நாலு அங்குல பிவிசி குழாயில் ஆர்ஜி-58-ஐப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். ஃபெரைட் செலவே கிடையாது, பலரும் செய்வதுதான். 17 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் -50-ஐத் தாண்டி ஊசி மாதிரி ஒரு குத்து இறங்கும். பார்த்த எவரும் ஃபெரைட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஆனால் 7-இல் அதே சுருள் -19-தான். அதுகூடப் பிரச்சினை இல்லை. அந்த 900 ஓம் எப்படிப்பட்ட 900 என்பதுதான் பிரச்சினை. காற்றுச் சுருளின் தடை ஏறக்குறைய முழுவதும் ரியாக்டன்ஸ், அதாவது சக்தியைச் சூடாக்கித் தின்னாமல் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் வகை; அதற்குக் கூட்டல் குறியும் (இண்டக்டிவ்) கழித்தல் குறியும் (கெப்பாசிட்டிவ்) உண்டு. மேட்டிலிருந்து இறங்கும் கேபிளின் வெளித்தோலும் தன் பங்குக்கு ஒரு ரியாக்டன்ஸைக் காட்டும்; அது எதிர்க்குறியில் அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும், மின்னோட்டம் சோக் இல்லாதபோது ஓடியதைவிட அதிகமாகவும் ஓடும். ரெசிஸ்டன்ஸை எதுவும் இப்படித் தின்ன முடியாது. காமன் மோடு சோக்குகளைப் பற்றி நிறைய அளந்து எழுதிய கே9ஒய்சி என்ற அழைப்புக்குறி கொண்ட ஹாம் ஜிம் பிரவுன் 5000 ஓம் என்ற இலக்கை வைக்கும்போதும் ரெசிஸ்டிவ் 5000 என்றுதான் சொல்கிறார்.

எது ரெசிஸ்டிவ், எது ரியாக்டிவ் என்று மேட்டில் நின்றபடியே தெரிந்துகொள்ள ஒரு சுருக்கு வழி இருக்கிறது. அதே எஸ்21-க்கு ஃபேஸையும் (அலை எத்தனை டிகிரி முன்பின் நகர்ந்தது என்பதை) திரையில் போடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ரெசிஸ்டிவ். -90 பக்கம் சாய்ந்தால் இண்டக்டிவ், +90 பக்கம் போனால் கெப்பாசிட்டிவ். என் பிவிசி சுருள் 7-இல் -84-ஐ ஒட்டியும், 28-இல் அந்தப் பக்கம் தாவி +87-ஐ ஒட்டியும் நின்றது. நடுவில் அந்த ஊசிக்குத்து இருக்கும் கொஞ்ச இடத்தில் மட்டும் பூஜ்யத்தைக் கடக்கிறது. ஃபேஸ் 45-க்குள் இருக்கும் இடத்தை மட்டும் சோக்கின் உண்மையான வேலைப்பகுதி என்று எடுத்துக்கொள்கிறேன். மற்ற இடங்களில் டெசிபெல் எவ்வளவு காட்டினாலும் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரே பேண்டுக்கு, ஒரே கேபிள் நீளத்துக்கு, பார்த்துப் பார்த்து வைத்தால் காற்றுச் சுருளும் ஓடும். நான் வைக்கமாட்டேன்.

விலைகொடுத்து வாங்கிய ஒன்றையும் அளந்தேன். யார் விற்றது என்பது வேண்டாம். அலுமினியப் பெட்டி, இரு பக்கமும் எஸ்ஓ-239 சாக்கெட், மேலே ‘லைன் ஐசலேட்டர்’ என்று ஸ்டிக்கர். எஸ்21 பூஜ்யத்திலேயே நேர்கோடாக நின்றது. ஒரு துண்டு ஒயரை அளந்த மாதிரி. திறந்து பார்த்தால் உள்ளே நல்ல ஃபெரைட், ஒழுங்கான சுற்று. ஆனால் இரண்டு சாக்கெட்டின் உடலும் ஒரே அலுமினியப் பெட்டியில் முறுக்கப்பட்டிருக்கின்றன. வெளித்தோல் மின்னோட்டம் பெட்டிச்சுவர் வழியாகவே போய்விடும், சோக்குக்குள் தலைகாட்டாது. உள்சரக்கை அப்படியே எடுத்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன், 7-இல் -30 வந்தது. எஸ்டபிள்யுஆர் இரண்டு பெட்டியிலும் ஒன்றுதான்! உலோகப் பெட்டியில் வரும் சோக்கை வாங்கினால், குறைந்தது மல்டிமீட்டரால் இரு சாக்கெட் உடல்களையும் உள்ளே சுற்றியிருக்கும் கோஆக்ஸைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பாருங்கள். பீப் அடித்தால் காசு போனது.

பழைய மானிட்டர் கேபிள், யுபிஎஸ், டிவி போர்டுகளில் கழற்றிய வளையங்கள் நம் எல்லாரிடமும் ஒரு டப்பா நிறைய இருக்கும். நம்பர் தெரியாது. நிறத்தை வைத்துக் கொஞ்சம் கழிக்கலாம்: சிவப்பும் மஞ்சள்-வெள்ளையும் பூசியவை பொதுவாக இரும்புத்தூள் வளையங்கள். சிவப்பின் பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தைத் தன்னுள் சேர்க்கும் திறன்) 10, மஞ்சள்-வெள்ளையின் 75. 31-க்கு 1500, 43-க்கு 800 என்று இருக்கும்போது அவற்றில் சோக் சுற்றுவது வீண். சாம்பல், கறுப்பு நிறத்தவற்றுக்கு ஒரே வழி, சாதா ஒயரில் ஒரே எண்ணிக்கைச் சுற்று போட்டு எஸ்21-உம் ஃபேஸும் பார்ப்பதுதான். கோஆக்ஸ் தேவையில்லை, வெளித்தோலுக்கு ஒயரும் கோஆக்ஸும் பெரும்பாலும் ஒன்றுதான். நன்றாக வந்தவற்றின்மேல் மார்க்கரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சுற்றை இரட்டிப்பாக்கினால் இண்டக்டன்ஸ் நாலு மடங்காகும், ஆனால் சுற்றுகளுக்கிடையே கெப்பாசிட்டன்ஸும் ஏறுவதால் உச்சம் கீழே 3, 4 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) பேண்டுக்கு வேண்டுமென்றால் சுற்றைக் குறைப்பதே வழி. பாதிச் சுற்றை வளையத்தின் எதிர்ப்பக்கம் தாண்டிச் சுற்றுவது பற்றி ஹாம்களுக்குள் பெரிய வாக்குவாதமே உண்டு. என் அளவில் இரண்டுக்கும் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. ஒயர் நுனிகள் எதிரெதிரே வருவதால் டப்பாவில் போடச் சௌகரியம், அவ்வளவுதான்.

கடைசியாக, அதே சோக்கை ஒழுங்கான முறையில், நடுக்கம்பி நடுக்கம்பிக்கும் ஷீல்டு ஷீல்டுக்குமாக மாட்டி ஒருமுறை பார்த்துவிடுங்கள். இழப்பு 0.1, 0.2 டெசிபெல்லுக்குள் இருக்க வேண்டும். அதிகமென்றால் சால்டரில் கோளாறு, அல்லது கோஆக்ஸை ரொம்ப இறுக்கி வளைத்திருக்கிறீர்கள்.

மேட்டில் கட்டும்போது முதல் சோக் டைபோலின் நடுவிலேயே. கனம் இருப்பதால் கயிற்றில் தாங்கவிட வேண்டும், கேபிள் சால்டரில் தொங்கக் கூடாது. எனக்கு அது மட்டும் போதவில்லை. அதற்குக் கீழே இன்னும் எவ்வளவோ கேபிள் வேலியை ஒட்டி வருகிறதே. வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இரண்டாவது. நடுவில் எங்கே வைப்பது என்று கேட்பவர்களுக்கு: வெளித்தோலில் ஓடும் அலைக்கு கேபிள் பெட்டியில் போட்டிருக்கும் 0.66 என்ற வேகக் கணக்கு பொருந்தாது, அது உள்பக்கத்துக்கு. வெளியே காற்றில் ஓடுவதால் 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 10 மீட்டருக்குச் சற்று மேல். மின்னோட்டம் அதிகமாக இருக்கும் இடத்தில் வைத்தால்தான் சோக் கடிக்கும். ஒரு கிளாம்ப் ஃபெரைட்டில் பத்துச் சுற்று, ஒரு 50 ஓம், ஒரு டையோடு, ஒரு மீட்டர். இதைக் கேபிள்மேல் நகர்த்திக்கொண்டே குறைந்த பவரில் கேரியர் (பேச்சில்லாத வெறும் அலை) போட்டால் எங்கே அதிகம் என்று கண்ணாலேயே தெரியும்.

இரண்டு சோக்கும் ஏறிய பிறகு வேலியின் ‘டக்’ எஸ்7-இலிருந்து எஸ்4-க்கு வந்தது. மீதி, டைபோல் தானே நேராகக் கேட்பது. அதைச் சோக்கால் ஒன்றும் செய்ய முடியாது. காலையில் ஹாம்கள் கூடிப் பேசும் நெட்டில் முன்பு பாதி கேட்ட கேரளத்து நிலையங்கள் இப்போது முழுதாகக் கேட்கின்றன.

டப்பாவுக்கு மின் வேலைக்கு விற்கும் பிவிசி ஜங்ஷன் பாக்ஸ் போதும். கனெக்டர்களுக்கு ரப்பர் டேப் போட்டாலும் மூடுபனி உள்ளே போகும். அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டால் சொட்டி வெளியேறும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை இறக்கி இழப்பை அளப்பேன். 0.2 இருந்தது 0.6 ஆனால் ஷீல்டுக்குள் தண்ணீர் ஏறியிருக்கிறது, அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டியதுதான்.

மேட்டிலிருந்து வரும் கேபிளை அனலைசரில் நேராக மாட்ட வேண்டாம். காற்றிலும் கோடை இடியிலும் டைபோலில் சேரும் ஸ்டேட்டிக் சார்ஜ் நானோவிஎன்ஏவின் உள்ளீட்டைச் சுட்டுவிடும். முதலில் கேபிளின் நடுமுனையையும் ஷீல்டையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்துவிட்டு, உடனே மாட்டுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் மேகம் கறுத்தால் அளவெடுப்பை மறுநாள் காலைக்குத் தள்ளிவிடுங்கள்; சோக் இடியைத் தடுக்காது.